அலமாரி மேல் ஒரு தபாலாபீஸ்

"நெட் போச்சு!"

இந்தக் கூக்குரல் கேட்காத வீடு இன்றைக்குப் பட்டணத்தில் உண்டா? கூடத்திலிருந்து மகன் கத்துகிறான். உள்ளறையிலிருந்து மகள் கத்துகிறாள். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருக்கும் வீட்டுக்காரர் கத்தவில்லை, பல்லைக் கடிக்கிறார். கடைசியில் அத்தனை பேரும் வந்து நிற்பது எங்கே? அலமாரி மேலே பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் முன்னால்தான். அதை ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். முறைத்துப் பார்க்கிறார்கள். பிறகு, "கம்பெனிக்குப் போன் பண்ணும்மா!" என்று பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நீங்களும் போன் செய்கிறீர்கள். "என்னம்மா கோளாறு?" என்று அந்தப் பக்கத்துப் பையன் கேட்கிறான். "நெட் வரலேப்பா" என்கிறீர்கள். "பெட்டியிலே என்ன விளக்கு எரியுது?" என்கிறான். "எனக்கு அதெல்லாம் தெரியாதப்பா, நீயே வந்து பாரு."

இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதன்மேல்தான் எனக்குக் கோபம். காஸ் சிலிண்டரில் கசிவு வந்தால் வாஷரா, ட்யூபா என்று மோப்பத்திலேயே சொல்லிவிடுகிறவர் நீங்கள். மிக்ஸி நின்றுபோனால் அதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கி மறுபடியும் ஓட விடுகிறவர் நீங்கள். மோட்டாரில் காற்றுப் பிடித்துக்கொண்டால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். அப்படியிருக்க, இந்தக் கையகலப் பெட்டிக்கு மட்டும் என்ன பயம்?

உண்மையில் இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்றே மூன்றுதான். வீட்டுக்கு வெளியே வரும் கம்பி. வீட்டுக்குள் இருக்கும் பெட்டி. பெட்டிக்கும் உங்கள் செல்போனுக்கும் நடுவே இருக்கும் காற்று. கோளாறு இந்த மூன்றில் எங்கே என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், பாதிப் பிரச்னை தீர்ந்தது. பணமும் மிச்சம்.

துண்டு துண்டாகப் போகும் கடிதம்

கம்ப்யூட்டர் வலை என்றதும் மிரள வேண்டாம். இரண்டு யந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு வழி இருந்தால் அதுவே வலைதான். உங்கள் செல்போனும் வீட்டு டெலிவிஷனும் பேசிக்கொண்டால் அது வீட்டு வலை. இப்படிப்பட்ட எண்ணற்ற வலைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் அதற்குப் பெயர் இன்டர்நெட்.

இவை பேசிக்கொள்ளும் முறை பழைய டெலிபோனைப் போன்றது அல்ல, தபாலைப் போன்றது. அந்தக் காலத்து டெலிபோனில் நீங்கள் பேசி முடிக்கிற வரையில் ஒரு முழு லைனும் உங்களுக்கே சொந்தம். நீங்கள் மௌனமாக இருந்தாலும் வேறு யாரும் அதில் நுழைய முடியாது. கம்ப்யூட்டர்களுக்கு இந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாகாது.

பெங்களூரில் இருக்கும் மகளுக்குக் கொலுப் படம் ஒன்றை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் அளவு 3 மெகாபைட். அதாவது சுமார் 30 லட்சம் பைட். ஒரு பைட் என்பது ஓர் இங்கிலீஷ் எழுத்தை எழுதி வைக்க ஆகிற இடம். உங்கள் செல்போன் அந்தப் படத்தை அப்படியே தூக்கி அனுப்பாது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1500 பைட் உள்ள சுமார் 2000 துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டையும் ஒரு உறையில் போட்டு, அனுப்புகிறவர் விலாசம், பெறுகிறவர் விலாசம், இத்தனையாவது துண்டு என்ற எண், எல்லாவற்றையும் எழுதித் தபாலில் சேர்க்கும். எல்லா உறைகளும் ஒரே பாதையில்தான் போக வேண்டும் என்பதில்லை. அங்கே மகளுடைய செல்போன் அவற்றை எண் வரிசையில் அடுக்கிப் படமாக்கிக் கொள்கிறது. நடுவில் 714-ம் உறை தொலைந்துபோனால், "714 வரவில்லை, மறுபடியும் அனுப்பு" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. இதெல்லாம் நீங்கள் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பதற்குள்!

ஆனால் வீடியோவில் முகம் பார்த்துப் பேசும்போது சாதாரணமாக இப்படிக் கேட்டு வாங்குவதில்லை. போன நிமிஷம் சொன்ன வார்த்தை இப்போது வந்து என்ன பிரயோசனம்? தொலைந்தது தொலைந்ததுதான் என்று விட்டுவிடும். மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைவதும், "அம்" என்றது "மா" வராமல் நிற்பதும் அதனால்தான்.

இந்த உறைக்குப் 'பாக்கெட்' என்று பெயர். 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்று இருவர் ஒருவரையொருவர் அறியாமலே இந்த யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். பாக்கெட் என்று பெயர் சூட்டியவர் டேவிஸ். 1969 அக்டோபர் 29-ம் தேதி கலிபோர்னியாவில் அதைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் சர்வகலாசாலையிலிருந்து ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு 'லாகின்' என்ற வார்த்தையை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது எழுத்தில் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! ஆக, "நெட் போச்சு" என்ற கூக்குரல் நெட் பிறந்த அன்றைக்கே கேட்டுவிட்டது. அதற்காக யாரும் சோர்ந்துவிடவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் சரி செய்து முழு வார்த்தையையும் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அந்த உறைகளைக் கையாண்ட பெட்டி ஒரு குளிர்சாதன அலமாரி அளவு. உங்கள் வீட்டு அலமாரி மேல் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

கடலடியிலிருந்து கதவு வரை

முதலில் வெளியே வரும் கம்பியைப் பார்ப்போம்.

இன்டர்நெட் வானத்திலிருந்து சாட்டிலைட் வழியாக வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அப்படி இல்லை. கடலுக்கடியில் கிடக்கும் கேபிள்களில்தான் கண்டம் விட்டுக் கண்டம் போகிறது. அப்படிப்பட்ட கேபிள்கள் இந்தியாவில் கரையேறும் முக்கியமான இடங்களில் பம்பாய் ஒன்று, நமது சென்னை ஒன்று. சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் சுமார் 2300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் போடப்பட்ட கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் அந்தத் தீவுக்காரர்கள் சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்தார்கள். அவர்கள் பட்ட பாடு நமக்குப் புரியாது.

இந்தக் கேபிளுக்குள் இருப்பது செம்பு அல்ல, கண்ணாடி! மிகவும் சுத்தமான கண்ணாடியை ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கனத்துக்கு நூலாக இழுத்திருக்கிறார்கள். நமது தலைமுடியைவிடச் சற்றே தடிமன், அவ்வளவுதான். அதற்குள் ஒளி அணைந்து அணைந்து எரிந்து செய்தியைச் சுமந்து செல்கிறது, வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில். கண்ணாடியைப் போதுமான அளவு சுத்தப்படுத்தினால் ஒளி நெடுந்தூரம் போகும் என்று 1966-ல் எடுத்துக்காட்டியவர் சார்லஸ் காவ். அதற்கு நோபல் பரிசு கொடுத்தது 2009-ல். நாற்பத்து மூன்று வருஷம் காத்திருந்தார் மனிதர்.

இந்தக் கண்ணாடி நார் இப்போது உங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. தெருக்கோடியில் ஒரு சின்னச் சிமிழுக்குள் ஒரு நாரை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்து அனுப்புகிறார்கள். ஒரு குடிநீர்க் குழாயைப் பல வீடுகளுக்குப் பிரிப்பது போலத்தான். ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் பார்க்கும்போது வேகம் சற்று மந்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். சில குடியிருப்புகளில் நார் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீடுகளுக்குச் செம்புக் கம்பி வரும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போனால் உங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தும் நெட் இராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டுச் சுவர் வழியாக வரும் அந்த மெல்லிய நாரை ஆணியில் சுற்றாதீர்கள், கதவிடுக்கில் நசுக்காதீர்கள், மிச்சத்தைச் சிக்கென்று மடித்து ரப்பர் வளையம் போடாதீர்கள். கண்ணாடிக்குக் கூர்மையான மடிப்பு ஆகாது. ஒளி அந்த வளைவில் வெளியே கசிந்துவிடும். தளர்வாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டமாகச் சுற்றி வையுங்கள். நாரின் முனை கழன்று வந்தால் அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்கு நல்லதல்ல.

ஒரு பெட்டிக்குள் நான்கு உத்தியோகஸ்தர்கள்

இனி பெட்டிக்கு வருவோம். பார்க்க ஒன்றாக இருந்தாலும் அதற்குள் நான்கு பேர் உத்தியோகம் பார்க்கிறார்கள். சில வீடுகளில் இந்த வேலைகளை இரண்டு பெட்டிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள்.

முதல் ஆள் மொழிபெயர்ப்பாளர். நாரில் வரும் ஒளியை மின்சாரமாக மாற்றுகிறவர். 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி நமது தேசத்தில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தபோது இந்த வேலையை 'மோடம்' செய்தது. டெலிபோன் லைனில் கீச்சுக் கீச்சென்று கத்தும். நெட் ஓடும்போது போன் பேச முடியாது. போன் பேசினால் நெட் கிடையாது. அந்தக் கீச்சுக் குரலை இன்றைக்கும் மறக்காதவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இரண்டாவது ஆள் தபால் மாஸ்டர். இவருக்குத்தான் 'ரௌட்டர்' என்று பெயர். வெளி உலகத்துக்கு உங்கள் வீட்டின் விலாசம் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டுக்குள்ளோ பத்து யந்திரங்கள். பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் உள் எண் கொடுத்து வைத்திருக்கிறது. அடுக்கு மாடிக் கட்டடத்துக்குக் கதவிலக்கம் ஒன்று. உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கம் இல்லையா, அதுபோல. "இந்தச் சினிமாவைக் கேட்டது டெலிவிஷன், இந்தப் பாடத்தைக் கேட்டது சின்னவன்" என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, வருகிற உறைகளைச் சரியான ஆளிடம் சேர்ப்பவர் இந்தத் தபால் மாஸ்டரே. உலகத்தில் பழைய முறை விலாசங்கள் மொத்தம் சுமார் 430 கோடிதான். ஆளுக்கு ஒன்றுகூடக் காணாது. இப்படி ஒரு விலாசத்தில் பத்துப் பேர் குடியிருப்பதால்தான் இத்தனை காலம் சமாளித்தது.

மூன்றாவது ஆள் தபால்காரர். 'ஸ்விட்ச்' என்பது இவர் பெயர். பெட்டியின் முதுகில் வரிசையாக நான்கு துளைகள் தெரிகிறதே, அவை இவருடைய இலாகா. வீட்டுக்குள் கம்பி வழியாகப் போகும் உறைகளை எந்தத் துளையில் தள்ள வேண்டும் என்பது இவருக்கு அத்துபடி.

இந்த ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பெரிய வலை செய்யும்போது ஒரு பெரிய தலைவலி இருந்தது. சுற்றி வளைத்து ஒரு வட்டப் பாதை ஏற்பட்டுவிட்டால், உறைகள் செக்குமாடுபோல் அதிலேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, வலை மொத்தமும் ஸ்தம்பித்துவிடும். வட்டமே வேண்டாம் என்றாலோ, ஒரு கம்பி அறுந்தால் மாற்று வழி இல்லை. 1985-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கம்பெனியில் இருந்த ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி இதற்கு வழி கண்டுபிடித்தார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒன்றை வேராகத் தேர்ந்தெடுத்து, ஒரு மரம் மாதிரி கிளை பிரித்துக்கொள்ள வேண்டும். மிச்சக் கம்பிகள் சும்மா இருக்க வேண்டும். ஒரு கிளை முறிந்தால், சும்மா இருந்த கம்பி உடனே வேலைக்கு வர வேண்டும். எவ்வளவு எளிமை, பாருங்கள்! மரத்துக்கு வட்டமும் இல்லை. கிளைக்குப் பஞ்சமும் இல்லை. இதை விளக்கி அந்த அம்மாள் ஒரு கவிதை வேறு எழுதினார். "இதெல்லாம் ஆண்பிள்ளை விஷயம்" என்று இனி யாராவது உங்கள் வீட்டில் சொன்னால், ராடியா பெர்ல்மன் பெயரை எடுத்து விடுங்கள்.

இதில் வீட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. பெட்டியிலிருந்து தொங்கும் கம்பி அசிங்கமாக இருக்கிறதே என்று அதன் மறு முனையையும் அதே பெட்டியின் இன்னொரு துளையில் செருகிவிடாதீர்கள். அதுதான் நான் சொன்ன செக்குமாட்டு வட்டம். பல வீட்டுப் பெட்டிகளுக்கு அதிலிருந்து தப்பிக்கத் தெரியாது.

நான்காவது ஆள் ரேடியோக்காரர். கம்பியில்லாமல் காற்றில் செய்தி அனுப்பும் 'வைஃபை' இவர் வேலை. இவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்.

பீரோவும் மீன் தொட்டியும்

வைஃபை என்பது ரேடியோ அலை. அதில் சாதாரணமாக இரண்டு ரகம். வினாடிக்குச் சுமார் 240 கோடி முறை துடிப்பது ஒன்று. சுமார் 500 கோடி முறை துடிப்பது மற்றொன்று. பெட்டியில் 2.4 என்றும் 5 என்றும் குறிப்பார்கள். முதல் ரகம் சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசலும் அதிகம். இரண்டாவது ரகம் வேகமானது. ஆனால் இரண்டு சுவரைத் தாண்டினால் களைத்துப் போகும்.

சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருக்கிறீர்களா? அதுவும் இந்த 2.4 ரக அலையில்தான் சாப்பாட்டைச் சூடாக்குகிறது. அடுப்பின் கதவிடுக்கில் கசியும் துளியளவு அலை உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் வைஃபையைத் திணற அடிக்கும். சாம்பார் சூடாகிற இரண்டு நிமிஷம் மட்டும் பாட்டு நின்றுபோனால், குற்றவாளி யார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

இந்த அலைகளுக்கு இரும்பு ஜன்ம விரோதி. தண்ணீரும் அப்படியே. பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், டெலிவிஷனுக்குப் பின்னாலும், மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் ஒளித்து வைப்பது, விளக்கை ஏற்றி மரக்காலால் மூடுவதற்குச் சமம். நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசியிருப்பதால் அதுவும் தடுக்கும். அழகாக இல்லை என்று அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. வேண்டாம். வீட்டுக்கு நடுவில், உயரமாக, திறந்தவெளியில் வையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாளின் வீட்டில் படுக்கையறைக்கு மட்டும் நெட் எட்டவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தார். "பெரிய பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள், மேடம்" என்றார்கள். மாறினார். மாசச் செலவு ஏறியது, குறை தீரவில்லை. கடைசியில் பார்த்தால், பெட்டிக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஆளுயர இரும்பு பீரோ! பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். சரியாகிவிட்டது. காற்றில் இருந்த கோளாறுக்குக் கம்பியில் காசு கொட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காரர்கள் "100 எம்.பி." என்று விளம்பரம் செய்வது மெகாபைட் அல்ல, மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 100 மெகாபிட் லைனில் வினாடிக்கு வருவது 12.5 மெகாபைட்தான். குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். தெளிவான சினிமா ஒன்று பார்க்க 5 மெகாபிட் போதும். மிக உயர்ந்த '4கே' படத்துக்கு 15 முதல் 25 வரை. ஒரே சமயத்தில் இருவர் படம் பார்த்து, ஒருவர் பாடம் கேட்டு, இன்னொருவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாலும் 100-ல் பாதி மிஞ்சக்கூடும். 300 வாங்குவதற்கு முன்னால் பீரோவை நகர்த்திப் பாருங்கள்.

டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தால், வைஃபை எதற்கு? ஒரு கம்பியைச் செருகிவிடுங்கள். அதற்குள் எட்டுச் செம்பு இழைகள், ஜடை பின்னியதுபோல் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். முறுக்குவதால் வெளியிலிருந்து வரும் மின்சார இரைச்சல் இரண்டு இழையிலும் சமமாக விழுந்து, ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. 100 மீட்டர் தூரம் வரை இது தாங்கும். எந்த வீட்டுக்குத்தான் அது போதாது?

மூன்றே கேள்விகள்

அடுத்த தடவை "நெட் போச்சு" என்ற குரல் கேட்டதும் பதறாமல் பெட்டியின் முன் போய் நில்லுங்கள். இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: விளக்கு எரிகிறதா? ஒரு விளக்கும் எரியாவிட்டால் மின்சாரம் வரவில்லை என்று அர்த்தம். பிளக்கைப் பாருங்கள். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன அடாப்டர் செத்திருக்கலாம். அதை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியை மாற்ற வேண்டாம். பழைய டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்ததால் கரண்ட் போனாலும் அது பேசியது. இந்தப் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதற்கென்று விற்கும் சின்ன பாட்டரிப் பெட்டி ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

இரண்டு: சிவப்பு விளக்கு எரிகிறதா? நார் வரும் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களுக்குப் பக்கத்தில் சிவப்பு எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். உங்கள் வீட்டுக்குள் நார் மடிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் கோளாறு தெருவில். கம்பெனிக்குப் போன் செய்து, "எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிகிறது" என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக் குரலில் மரியாதை ஏறுவதை நீங்களே கேட்பீர்கள்.

மூன்று: பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் வருகிறதா? விளக்குகள் சரியாக இருந்து, பெட்டியருகே நெட் வந்து, உள்ளறையில் மட்டும் வரவில்லையென்றால் குறை காற்றில். ஒரு செல்போனில் வந்து இன்னொன்றில் வராவிட்டால் குறை அந்தச் செல்போனில். பக்கத்தில் நின்றும் எதிலுமே வரவில்லையென்றால் பெட்டியை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்து மறுபடியும் போடுங்கள். குழம்பிப்போன ஞாபகத்தை எல்லாம் உதறிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். அப்படியும் வராவிட்டால் மாசச் சந்தா கட்டியாகிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பெட்டியின் முதுகில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருக்கும். குண்டூசியால் அதைக் குத்தினால், பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் வீட்டு விவரம் அத்தனையும் அழிந்துபோகும். பிறகு ஆள் வந்துதான் ஆக வேண்டும்.

சாவி யார் கையில்?

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

இந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். ஒன்று, வைஃபையில் சேர்வதற்கான பாஸ்வேர்ட். அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, பெட்டியின் உள் அமைப்பையே மாற்றுவதற்கான பாஸ்வேர்ட். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தொழிற்சாலையில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி சுலபமான வார்த்தையைப் போட்டு அனுப்புவது பல கம்பெனிகளின் வழக்கமாக இருந்தது. அதை யாரும் மாற்றுவதில்லை. தெருவில் அத்தனை வீட்டுக்கும் ஒரே சாவி என்றால் எப்படி இருக்கும்?

2016-ல் 'மிராய்' என்ற பொல்லாத புரோகிராம் ஒன்று இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு, உலகெங்கும் வீட்டுப் பெட்டிகளையும் காவல் காமராக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது. லட்சக்கணக்கில் திறந்துகொண்டன. சொந்தக்காரர்களுக்குத் தெரியாமலே அவற்றை ஒரு படையாகத் திரட்டி, அந்த வருஷம் அக்டோபர் 21-ம் தேதி அமெரிக்காவின் முக்கியமான இன்டர்நெட் விலாசக் கம்பெனி ஒன்றின்மேல் ஏவினார்கள். பிரபலமான தளங்கள் பல அன்றைக்கு முடங்கின. அந்தப் புரோகிராமை எழுதிய மூன்று இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பெரிய மேதாவித்தனம் ஒன்றும் தேவைப்படவில்லை. பூட்டாத கதவுகளைத் தள்ளிப் பார்த்தார்கள், அவ்வளவே.

ஆகவே, அடுத்த தடவை கம்பெனி ஆள் வந்தால் காப்பி கொடுத்து உட்கார வைத்து, "இரண்டு பாஸ்வேர்டையும் என் எதிரில் மாற்றிக் கொடு" என்று கேளுங்கள். விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்கவும் பல பெட்டிகளில் வசதி உண்டு. அதையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அது திண்ணை மாதிரி. வந்தவர்கள் சௌகரியமாக உட்காரலாம். உள்கட்டுக்குள் வர வேண்டியதில்லை.

இதையெல்லாம் மகனோ வீட்டுக்காரரோ பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். பார்த்துக்கொள்வார்கள், இருக்கிற வரையில். மகன் வேலை கிடைத்து வெளியூர் போவான். எனக்குத் தெரிந்த இன்னொரு வீட்டில் அப்படிக்கூட இல்லை. பெரியவர் திடீரென்று காலமாகிவிட்டார். நெட் கணக்கு அவர் பெயரில். பாஸ்வேர்ட் அவர் மனசில். கம்பெனியிலிருந்து வருகிற ரகசிய எண் எல்லாம் அவருடைய செல்போனுக்கு. அந்த செல்போனைத் திறக்கவும் அவருக்கு மட்டுந்தான் தெரியும். வெளிநாட்டிலிருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து அழக்கூட அந்த அம்மாளுக்குப் பதினைந்து நாள் வழி இல்லாமல் போயிற்று. ஒரு காகிதத் துண்டில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் போதும், அது இல்லை.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பால் கணக்கு, காஸ் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். கணக்கு யார் பெயரில், வாடிக்கையாளர் எண் என்ன, கம்பெனியின் போன் எண் என்ன, பதிவான செல்போன் எது, இரண்டு பாஸ்வேர்டுகள் எவை என்று எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதலாமா என்று பயப்படாதீர்கள். கடல் கடந்து வருகிற திருடனால் உங்கள் சமையலறை நோட்டைப் புரட்ட முடியாது. நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

பீரோ மட்டும் பெட்டிக்கு முன்னால் வேண்டாம்!